கிளட்ச் பிடித்தாலும் வண்டி இழுக்கிறது, நியூட்ரல் விழவில்லை – அவசரம்

பழையபைக்:
வணக்கம். லீவரை முழுசாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது, என்ஜினை அணைத்தால்தான் விழுகிறது. கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசு. நாளைக் காலை வண்டி கட்டாயம் வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

ஸ்பேனர்14:
என்ன வண்டி, எந்த வருடம்? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? கேபிளா, ஹைட்ராலிக்கா? ஸ்டார்ட் செய்ததுமே இப்படியா, ஓடிச் சூடான பிறகா? "எல்லாம் புதுசு" என்றால் எது எது?

ஆயில்மாற்று:
ஆயில்தான் காரணம். கார் ஆயில் ஊற்றியிருப்பீர்கள். வடித்துவிட்டு ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கான ஜப்பானியத் தரம்) என்று போட்ட ஆயில் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

கிரீஸ்கை:
ஆயில்மாற்று தம்பி, பதில் எழுதும் முன் கேள்வியை முழுசாகப் படிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. லீவரைப் பிடித்தும் வண்டி இழுக்கிறது என்றால் பிளேட் பிரியவில்லை. இரண்டும் நேரெதிரான நோய். நீங்கள் சொல்லும் ஆயில் முதல் நோய்க்குத்தான் காரணமாகும். இவருக்கு இருப்பது இரண்டாவது.

ஆறாவதுகியர்:
முதலில் கேபிளைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை பிளே (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்) இருக்கலாம். அதற்கு மேல் போனால், பிளேட்களை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் போதுமான அளவு விலகாது. லீவர் பக்கம் கேபிள் முனையில் இழை அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொன்றாக அறுந்து, பிடிக்கும்போது கேபிள் நீண்டுகொண்டே போகும். ஒருநாள் நடுவழியில் மொத்தமாக அறுந்துவிடும்.

ஆயில்மாற்று:
ஆயிலுக்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லையா? அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெட்டியான ஆயில் ஊற்றினாலும் பிளேட் ஒட்டும். கார் ஆயில் ஊற்றாதீர்கள் என்று எல்லோரும்தானே சொல்கிறார்கள்?

ஸ்பேனர்14:
கெட்டி ஆயிலால் வரும் ஒட்டல் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிகம், சூடானால் குறையும். அதனால்தான் சூட்டைப் பற்றிக் கேட்டேன். அப்புறம் கார் ஆயில் எல்லாமே விஷம் இல்லை. உராய்வைக் குறைக்கும் சேர்க்கை பெரும்பாலும் 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ரகங்களில்தான் வரும்.

ஆயில்மாற்று:
அப்படியானால் எம்ஏ, எம்பி என்று எதற்குப் பிரித்தார்கள்? எம்பி உராய்வு குறைந்த ரகம், ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஆகாது. எந்த கார் ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பான்? எம்ஏ வாங்கினால் அந்தக் கவலையே இல்லை.

கிரீஸ்கை:
அது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் வண்டி அதனால் சரியாகாது. ஆயில் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபைக்:
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். 1999 மாடல், 150 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், கேபிள். காலையில் நன்றாக இருக்கிறது, நெரிசலில் ஓட்டிச் சூடானால்தான் இழுக்கிறது. மாற்றியது ஃபிரிக்‌ஷன் பிளேட்டும் ஸ்பிரிங்கும். அவற்றுக்கு இடையில் வரும் ஸ்டீல் பிளேட் பழசுதான்.

கிரீஸ்கை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். பழைய பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடேறியிருந்தால் ஸ்டீல் பிளேட் நெளிந்திருக்கும். கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். அனுமதிக்கும் நெளிவு வண்டிக்கு வண்டி மாறும், 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள்தான் இருக்கும். நீலம் பாரித்த பிளேட்டை அளக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஸ்பேனர்14:
கவரைத் திறக்கும்போது, பிளேட்கள் உட்காரும் கூடையான ஹவுசிங்கின் விரல்களையும் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். லீவரைப் பிடித்தாலும் புதுப் பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. மேலோட்டமான பள்ளம் என்றால் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம்.

கிரீஸ்கை:
அரம் வேண்டவே வேண்டாம். எல்லா விரலிலும் ஒரே அளவு ராவ யாராலும் முடியாது. சில காதுகள் மட்டும் சுமை தாங்கும். ஹவுசிங்கையே மாற்றுங்கள்.

ஸ்பேனர்14:
பழைய வண்டிக்குப் புது ஹவுசிங் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காதவர் என்ன செய்வார்? ஆழமான பள்ளத்தை ராவச் சொல்லவில்லை, நகம் லேசாகத் தட்டும் அளவைத்தான் சொன்னேன். ராவிய தூளை ஒன்றுவிடாமல் துடைக்க வேண்டும்.

ஆறாவதுகியர்:
எனக்கும் இதே மாதிரி, ஆனால் குளிரில் மட்டும். முதல் கியர் போட்டால் "டொக்" என்று குதிக்கிறது.

ஸ்பேனர்14:
அது ராத்திரி முழுக்க நின்று பிளேட்கள் ஒட்டியிருப்பது. ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒட்டல் விட்டதும் நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

பழையபைக்:
கழற்றிப் பார்த்தேன். ஸ்டீல் பிளேட்டில் ஒன்று நீலமாக இருந்தது, கண்ணாடியில் வைத்தால் ஆடியது. ஹவுசிங்கில் லேசான தடம்தான், அதைத் தொடவில்லை. ஸ்டீல் பிளேட் செட்டும் கேபிளும் மாற்றியாச்சு. சூட்டிலும் நியூட்ரல் விழுகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஸ்பேனர்14:
நல்லது. போடும் முன் பிளேட்களை ஆயிலில் ஊற வைத்தீர்களா? லீவர் பிளே இப்போது எவ்வளவு?

ஆயில்மாற்று:
என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள்.