பிளஸ் டூ முடித்த ஆட்டிசப் பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்ட தருணம்: உங்கள் அனுபவங்கள்

தாம்பரம் அம்மா

சொல்வதை எழுதுபவரின் துணையோடும் கூடுதல் நேரத்தோடும் மகன் பிளஸ் டூ தேறிவிட்டான். அதுவரை வந்த பாதை இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் மனத்தை விட்டு அகலாதது கல்லூரிச் சேர்க்கை மேசையில் நடந்தது. அலுவலர் என்னைப் பார்த்து, "பையனுக்கு எதில் விருப்பம்?" என்றார். அவனையே கேளுங்கள் என்றேன். "உனக்கு எதில் விருப்பம்?" என்று அவர் கேட்க, அவனும் அதே தொனியில் "உனக்கு எதில் விருப்பம்?" என்று திருப்பிச் சொன்னான். அவர் பேனாவை மூடிவிட்டார். உடனே அவன், அவர் எழுதியிருந்த எங்கள் முகவரியில் விரலை வைத்து, "600045 மேற்குத் தாம்பரம். நாங்கள் கிழக்கு, 600059" என்றான். அதைத் திருத்துவதற்காகப் பேனாவை மறுபடி திறந்தவர், கேள்வியை மறுபடி கேட்கவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறான். பள்ளிக் கால அட்டவணை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்கிறான்.

திருநகர் அப்பா

எங்களுக்கு இது வங்கியில் நேர்ந்தது. பதினெட்டு வயது நிறைந்ததும், உதவித்தொகை வருவதற்காக மகள் பெயரில் கணக்குத் தொடங்கப் போனோம். அடையாள அட்டையில் "ஆட்டிசம்" என்பதைப் பார்த்த மேலாளர், பாதுகாவலர் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றார். அவள் படிவத்தை இழுத்து, கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூடப் போகாமல் கையெழுத்திட்டு, "என் பெயர், என் கையெழுத்து" என்றாள். அவர் அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டு என்று 13ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே, பதினெட்டு ஆனதும் பாதுகாவலர் சான்றிதழுக்கு ஓடாதீர்கள்.

கோவை சிறப்பாசிரியர்

திருநகர் ஐயா சொல்வதைப் பாதிதான் ஏற்பேன். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அது எல்லோருக்கும் தேவையில்லை என்பது உண்மை. எவருக்கும் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது.

என் அனுபவம் சிறியது. என் மாணவன் ஒருவன் பயிற்சிக்குப் போன அலுவலகத்தில், வேலையெல்லாம் சரியாகச் செய்தும், மதிய உணவு வேளையில் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லாததால், டிபன் டப்பாவைத் திறக்காமலே மாலை வரை கையில் வைத்திருந்தான்.

தாம்பரம் சகோதரிக்குச் சில யோசனைகள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (UDID) குறைபாட்டுச் சான்றிதழும் நடப்பில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இட ஒதுக்கீடு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசத்துக்கெனத் தனிப் பங்கு கிடையாது. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றோடு சேர்த்து 1 சதவீதம்தான் என்பதால், அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். பட்டப்படிப்புதான் வேண்டும் என்பதும் இல்லை, ஐ.டி.ஐ. இருக்கிறது, மெழுகுவத்தி, காகித உறை போன்ற தொழிற்பயிற்சிகளும் இருக்கின்றன. சுவர் அட்டவணையைக் கழற்றாமல், அதன் மேலேயே புதிய அட்டவணையை ஒவ்வொரு கட்டமாக ஒட்டுங்கள்.

நீலச்சட்டை

நானே அந்தப் பிள்ளையாக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஆசிரியர் அவர்களே, எங்களில் எவரைப் பார்த்தாலும் மெழுகுவத்தியும் காகித உறையும் ஏன் நினைவுக்கு வருகின்றன? நான் கேட்டதெல்லாம் இரைச்சல் இல்லாத ஓர் அறை. பள்ளி முடிந்த கோடையில் வந்த உறவினர்கள் எல்லோரும் "அடுத்து என்ன?" என்றார்கள். அந்தக் கேள்விக்குள் எத்தனை விடைகள் அடங்கியிருக்கின்றன என்று எனக்குத் தெரியாததால், நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே விருப்பமின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு சித்தப்பா மட்டும் என்னை அச்சகத்துக்கு அழைத்துப்போய், ஒரு பிற்பகல் முழுவதும் எதுவும் கேட்காமல் அங்கே இருக்கவிட்டார். பக்க எண் தவறிய படிவம் ஒன்றை நான் எடுத்து நீட்டியபோது, "நாளைக்கும் வா, இரண்டு மணிக்கு" என்றார். எனக்குக் கிடைத்தவற்றில் விடை சொல்லக்கூடிய முதல் அழைப்பு அதுதான். இன்று அங்கேயே மெய்ப்புப் பார்க்கிறேன். தாம்பரம் அம்மா, அஞ்சல் எண் தெரிந்தவனிடம் விருப்பத்தைக் கேட்காதீர்கள், இடத்தைக் காட்டுங்கள்.

கடலூர் அக்கா

நீங்கள் எல்லோரும் பேசக்கூடிய பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் தம்பி பேசமாட்டான், கையெழுத்தும் இல்லை. திருநகர் ஐயா வேண்டாம் என்று சொல்லும் சான்றிதழை வாங்கத்தான் நாங்கள் அலைந்துகொண்டிருக்கிறோம், ஏனெனில் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சிறப்புப் பள்ளியில் பதினெட்டோடு முடித்துவிட்டார்கள். அடுத்த வேலைநாள் காலை, வேன் வரும் நேரத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவனை உள்ளே அழைக்கப் போனபோது, என் கையைப் பிடித்துச் சாலைப் பக்கம் இழுத்தான். அவன் வரையில் வேலை என்பது பிறகு வரும் பேச்சு; காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை எங்கே இருப்பது என்பதே இன்றைய கேள்வி. முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தில் விசாரிக்க அடுத்த வாரம் போகிறோம். பதினெட்டு வயதைக் கடந்த, பேச்சில்லாதவர்களைப் பகலில் சேர்த்துக்கொள்ளும் மையம் கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் எவருக்கேனும் தெரிந்தால் எழுதுங்கள். ஆலோசனைகள் இப்போதைக்கு வேண்டாம், முகவரி போதும்.