ஃபில்டரைக் கழுவிய பிறகு மீனை இழந்தவர்கள் இருக்கிறீர்களா?

அம்பத்தூர்_தொட்டி
பொங்கலுக்கு வீடு ஒழுங்குபடுத்தும்போது நடந்தது. இரண்டடி தொட்டி, மூன்று கோல்டு ஃபிஷ், தொட்டிக்கு மேலே வைக்கும் டாப் ஃபில்டர். பஞ்சு கறுத்து, செராமிக் ரிங் எல்லாம் சேறு பிடித்திருந்தது. மெட்ரோ தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு ரிங்கையும் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தேன். தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கடையில் நோய் என்று சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள், ஊற்றினேன். சாயங்காலம் நண்பர் டெஸ்ட் கிட் கொண்டுவந்தார். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய டெஸ்ட் கண்ணெதிரே கரும்பச்சையாக மாறியது. அந்தப் பச்சை இன்னும் என்னை விடவில்லை. இரண்டு மீன் போய்விட்டன. குழாய்த் தண்ணீரில் கழுவியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வேளச்சேரி_ஆஸ்கர்
எனக்கு நடந்தது வேறு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. அம்மாவும் நானும் முறை வைத்துச் சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஆஸ்கர் மீனுக்கு மூச்சு வேண்டுமே. இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் வந்து கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) தானாக ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, குழாயிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அழுகிய முட்டை நாற்றம். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே இருந்த கழிவு முழுக்க அழுகியிருந்தது. ஆஸ்கர் பிழைத்தது, ஆனால் ஒரு வாரம் தீவனத்தைத் தொடவில்லை. இப்போதெல்லாம் கரண்ட் போனால் முதல் வேலை கேனிஸ்டர் பிளக்கைக் கழற்றுவதுதான். நேரம் நீண்டுவிட்டால் திறந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டுத்தான் மறுபடி ஓட விடுவேன்.

சேலம்_கப்பி
அம்பத்தூர் நண்பர் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு வருடமாகக் குழாயில்தான் ஸ்பாஞ்ச் கழுவுகிறேன், ஒரு கப்பி மீன்கூடச் சாகவில்லை. கேள்வி வேறு. அதே நாளில் கல்லையும் கழுவினீர்களா? தண்ணீரை முழுக்க மாற்றினீர்களா? அப்புறம் தொட்டி அளவு. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் விளிம்புவரை நிரப்பினாலே 56 லிட்டர்தான். கல் போட்டால் 50 தேறாது. மூன்று கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது போதவே போதாது, அவ்வளவு கழிவு போடும் மீன் அது. ஃபில்டர் பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். பஞ்சும் ரிங்கும் நிரப்பியதும் ஓட்டம் குறைந்துவிடும். மற்ற மீன்களுக்குத் தொட்டித் தண்ணீர் மணிக்கு நாலைந்து முறை சுற்றினால் போதும் என்பார்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அதைவிடக் கூடுதலாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

திருச்சி_உறையூர்
சேலம் நண்பரே, உங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீரா? அப்படியென்றால் அதில் குளோரின் இருக்காது, நீங்கள் எத்தனை வருடம் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. அவர் கழுவியது குளோரின் போட்ட தண்ணீரில். இரண்டும் ஒன்றில்லை. மீனை இழந்தவரிடம் தொட்டி சின்னது என்று கணக்குச் சொல்வதைவிட இதை முதலில் சொல்லியிருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. தொட்டி விளிம்பில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டர் மாட்டிய வாரமே மோலி மீன் குட்டி போட்டது. காலையில் ஒன்றையும் காணவில்லை, தாயே தின்றுவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் மூடியைத் திறந்தால் பஞ்சுக்குப் பின்னால் பதினோரு குட்டிகள் நீந்திக்கொண்டிருந்தன! டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அன்றிலிருந்து உறிஞ்சும் குழாய் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டேன்.

அம்பத்தூர் அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பழுப்புச் சேற்றில்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. குளோரின் அதைக் கொன்றுவிடும். புதிதாக அது வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் வைத்து, அதில் ரிங்கை லேசாக அலசினால் போதும், வெள்ளையாக வேண்டாம். பஞ்சு நைந்தால் மாற்றுங்கள், ஆனால் பஞ்சையும் ரிங்கையும் ஒரே நாளில் தொடாதீர்கள். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் ஒன்றை இந்த வாரம், மற்றதை அடுத்த வாரம் என்று கழுவலாம். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாக இறங்கிவிடும்.

அம்பத்தூர்_தொட்டி
சேலம் நண்பர் கேட்டது உண்மைதான். கல்லையும் அன்றே கழுவினேன், முக்கால்வாசித் தண்ணீரும் புதுசு. குளோரினை நீக்கும் மருந்தும் போடவில்லை. நண்பர் தொட்டியிலிருந்து சேறு பிடித்த ரிங் இரண்டு கைப்பிடி வாங்கிவந்து போட்டிருக்கிறேன். தினமும் கால்வாசித் தண்ணீரை, மருந்து போட்டு, மாற்றுகிறேன். நேற்று ராத்திரி டெஸ்ட் இளம்பச்சையில் நின்றது. இருக்கிற ஒரு மீன் கீழே இறங்கிக் கல்லைக் கிளற ஆரம்பித்திருக்கிறது. தீவனம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன், சரிதானே?