சி-யில் ரெஜெக்ஸ்: காலி வரிக்குக்கூட "கிடைத்தது" என்று வருகிறது

எடைமேடை:
வணக்கம். லாரி எடைமேடையில வேலை. நாள் முழுக்க போடுற எடைச் சீட்டெல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல சேருது. சீட்டுக்கு ஒரு வரி இப்படி இருக்கும்:

`எடை: 12450 கிலோ`

அந்த 12450-ஐ மட்டும் உருவிக் கூட்டணும். டிப்ளமோவுல படிச்ச சி-யை நம்பி ரெஜெக்ஸ்.ஹெச் (டெக்ஸ்ட்ல ஒரு பேட்டர்னைத் தேடுற ரெஜெக்ஸ் ஃபங்ஷன்களோட ஹெடர்) எடுத்தேன். உபுண்டு, ஜிசிசி. பேட்டர்ன்:

`எடை: ([0-9]+)`

பேட்டர்னைத் தயார் பண்ற ரெக்காம்ப்-ல கடைசியா 0 கொடுத்தேன். அப்புறம் வரியில அதைத் தேடிப் பார்க்குற ரெக்எக்ஸெக்-ஐ வெச்சு இஃப் (ரெக்எக்ஸெக்(...)) போட்டு உள்ள "கிடைத்தது"ன்னு பிரிண்ட். எல்லா வரிக்கும் கிடைத்ததுங்குது. தேதி வரிக்கும், காலி வரிக்கும்கூட! சரி, எண்ணை எடுப்போம்னு போனா செக்மென்டேஷன் ஃபால்ட்னு (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு) புரோகிராமே நின்னுடுது. மூணு ராத்திரி போச்சு.

குறுக்குவழி:
பைத்தான்ல நாலு வரி வேலை. ஏன் இந்த வம்பு?

எடைமேடை:
மேடைக் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஓடுறது சி புரோகிராம் சார். அதுக்குள்ளயே சேர்க்கணும்.

பழைய சி கை:
தம்பி, ரெண்டு தப்பு ஒண்ணுக்கொண்ணு முட்டுக்கொடுத்து நிக்குது.

ரெக்எக்ஸெக் பொருந்தினா 0 தரும், பொருந்தலைன்னா ரெக்_நோமேட்ச். அது 0 இல்லை. உன் இஃப் அதைத்தான் "ஆமாம்"னு எடுத்துக்குது. ரெண்டு சரமும் ஒண்ணா இருந்தா 0 தர்ற ஸ்ட்ர்கம்ப்-ல சூடு பட்டிருப்பியே, அதே கதை. == 0 போடு.

அதை மட்டும் திருத்தினா இப்ப ஒரு வரிக்கும் கிடைக்காது. கடைசியா 0 கொடுத்தா அது பழைய அடிப்படை வகை. அதுல `+` வெறும் கூட்டல் குறி, `(` வெறும் அடைப்பு. நம்பலைன்னா உன் இப்போதைய புரோகிராமுக்கு `எடை: (5+)`னு ஒரு வரி கொடுத்துப் பார். அந்த ஒரு வரிக்கு மட்டும் "கிடைத்தது" வராது! 0-வுக்குப் பதிலா ரெக்_எக்ஸ்டென்டெட் கொடு, அப்பதான் `+` "ஒண்ணோ அதுக்கு மேலயோ"ன்னு ஆகும், அடைப்பு எண்ணைத் தனியாப் பிடிச்சு வைக்கும்.

ஃபால்ட் வந்ததும் இதாலதான். பொருந்தாதப்ப, பொருந்தின இடத்தோட தொடக்கம், முடிவு வந்து விழுற ரெக்மேட்ச்_டி அரேயில என்ன கிடக்கும்னு சொல்ல முடியாது, அதை நம்பி நீ சரத்தை வெட்டப் போயிருக்க.

ரெக்காம்ப்-ஐ லூப்புக்கு வெளியே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். அது 0 தரலைன்னா ரெக்எர்ரர் கிட்ட கேளு, காரணத்தை வார்த்தையில சொல்லும். கடைசியில மெமரியைத் திருப்பிக் கொடுக்க ரெக்ஃப்ரீ. விண்டோஸ்ல மிங்டபிள்யூ (அங்க ஓடுற ஜிசிசி) போட்டா இந்த ஹெடர் கூட வராது, அங்க கொண்டுபோய் முட்டிக்காதே.

எடைமேடை:
வந்துடுச்சுண்ணா! ஒரு சந்தேகம். அரேயோட [1]-ல, அதாவது அடைப்புக்குள்ள பிடிச்ச எண்ணுக்கு, தொடக்கம் 11, முடிவு 16-ங்குது. நான் விரல் விட்டு எண்ணினா எண்ணுக்கு முன்னாடி எ, டை, முக்காற்புள்ளி, இடைவெளி, மொத்தம் நாலுதான்.

பழைய சி கை:
அது பைட் கணக்கு. எழுத்தை பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில எ 3 பைட், ட 3, ஐகாரக் குறி தனியா 3. ஆச்சா 9? முக்காற்புள்ளி ஒண்ணு, இடைவெளி ஒண்ணு, 11. 16-ல 11 போனா 5, உன் அஞ்சு இலக்கம். நீ எழுத்தை எண்ணவே வேண்டாம், வரியோட முகவரியில 11-ஐக் கூட்டி அப்படியே சரத்தை எண்ணா மாத்துற ஸ்ட்ர்டோல்-க்குக் கொடு. இலக்கம் முடிஞ்ச இடத்துல அதுவே நின்னுக்கும்.

வடிகட்டி:
பிசிஆர்இ2-ன்னு ஒரு ரெஜெக்ஸ் லைப்ரரி இருக்கு, அதையும் பார்த்து வைங்க. பிலிப் ஹேசல் 1997-ல எக்ஸிம் மெயில் சர்வருக்காக எழுத ஆரம்பிச்ச பிசிஆர்இ-யோட அடுத்த தலைமுறை, 2015-ல வந்தது. பெர்ல் பாணி சுருக்கங்கள் எல்லாம் ஓடும். யூடிஎஃப் தேர்வைக் கொடுத்தா தமிழ் எழுத்தான்னு தனியாவும் கேட்கலாம். ஹெடருக்கு முன்னாடி கோட் யூனிட் அகலம் 8-ன்னு டிஃபைன் பண்ண மறந்தா கம்பைலே ஆகாது. நான் அரை நாள் தேடினேன்.

பழைய சி கை:
நல்ல சரக்குதான். ஒரு வரி எடைக்கு லைப்ரரி இன்ஸ்டால் பண்ணணுமா?

எடைமேடை:
நேத்து சீட்டெல்லாம் ஓட்டினேன். பேரேட்டோட வெச்சுப் பார்த்தா ரெண்டு வண்டி குறையுது. தேடினா, அந்த ரெண்டுலயும் யாரோ கையால `எடை :`ன்னு இடைவெளி விட்டு அடிச்சிருக்காங்க. இப்படி மாத்தினேன்:

`எடை *: *([0-9]+)`

இப்ப கிலோ சுத்தமா ஒத்துப்போகுது.