டிஸ்னியில் வசதிக்காரர்களின் மோட்டார் ஹோமுக்குத் தனி இடமா? 10 வருடக் கணக்கு யாருக்கு?

வெள்ளவத்தையான்:
நேற்றிரவு பழைய மனேஜர் ஐயா எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்ட், மோட்டார் ஹோமில், அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டியில், வருகிற வசதிக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு உயர்தரத் தங்குமிடம் கட்ட வேண்டுமாம். பஸ் அளவு பெரிய வண்டிகள் மட்டும். கூடாரம் கூடாது, காரின் பின்னால் இழுத்து வருகிற வண்டி கூடாது. அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். கடைசி வரியில், 10 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, ஸ்காபரோவில் இருக்கிற என் அத்தானின் மோட்டார் ஹோம் 1998ஆம் ஆண்டு வண்டி. 2016இல் நாங்கள் ஆறு பேர் அதில்தான் புளோரிடா போனோம், 2,000 கிலோமீற்றருக்கு மேல். டிஸ்னிக்குள்ளேயே இருக்கிற ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் நான்கு இரவு நின்றோம். இடம் பதியும்போது வண்டியின் நீளத்தைக் கேட்டார்கள். வயதை ஒருவரும் கேட்கவில்லை. டிஸ்னியே கேட்காத கேள்வியைக் கொழும்பில் இருந்து நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

பழைய மனேஜர்:
தம்பி, கோபப்படாமல் வாசியுங்கள். கொழும்பில் ஹோட்டல் தொழிலில் 31 வருடம் இருந்தவன் நான். ஒரு அறையைக் கட்ட என்ன செலவு, அதை நாள்தோறும் துப்புரவாக்க எத்தனை கை வேண்டும், விரிப்பு, துவாய், சலவை, ஏசி பழுது எல்லாம் எனக்கு மனப்பாடம். மோட்டார் ஹோம்காரன் தன் அறையைத் தானே கொண்டு வருகிறான். நீங்கள் கொடுக்க வேண்டியது கொங்கிறீற் தளம், கறண்ட், தண்ணீர், கழிவுக் குழாய். பிரிவோ என்ற கம்பனியின் பஸ்ஸில் செய்த மோட்டார் ஹோம் ஒன்று பத்து லட்சம் டொலருக்கு மேல் போகும். அதை ஓட்டி வருகிறவன் இரவுச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்ப்பானா? பூந்தோட்டமும் நீச்சல் குளமும் வைத்த தனியார் இடங்கள் வெளியே இருக்கின்றன, அவன் அங்கே போய் நிற்கிறான். டிஸ்னிக்கு அவனிடமிருந்து ரிக்கற் காசு மட்டும்தான்.

10 வருட விதி என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் நிறையத் தனியார் இடங்களில் இருக்கிறது.

பம்பலப்பிட்டி அக்கா:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கோ. மோட்டார் ஹோம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அங்கே ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு இருக்கிறது. ஏ என்றால் பஸ் மாதிரி, பி என்றால் வான், சி என்றால் லொறித் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்கும். தம்பியின் அத்தானுடையது எது? மனேஜர் கேட்கிற இடம் எதற்கு? அதைத் தீர்க்காமல் வயதைப் பற்றிச் சண்டை பிடிப்பதில் என்ன பயன்?

வெள்ளவத்தையான்:
அக்கா, வகுப்பு இங்கே பிரச்சினை இல்லை. 10 வருடம்தான் பிரச்சினை.

அந்த வண்டியை அத்தான் எப்படி வைத்திருந்தார் என்று தெரியாமல் கதைக்கக் கூடாது. ஒரு வயதான கனேடியத் தம்பதியிடம் வாங்கியது. ஒவ்வொரு வசந்தத்திலும் கூரை ஏறி, மூட்டுகளில் இருக்கிற பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார். தண்ணீர் கசியவே கசியாது. முகாமுக்குப் போன முதல் வேலையாக ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கழிவுக் குழாயைப் பொருத்தினார். பொருத்திவிட்டு அந்த இடத்தையே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பக்கத்துத் தளத்தில் மனேஜர் ஐயா சொல்கிற பிரிவோ ஒன்று நின்றது. அந்த மனிதர் வந்து அத்தானிடம் கூரைக்கு என்ன பசை பூசுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். பின்னேரம் தன் பேரப்பிள்ளைகளோடு வந்து எங்கள் அம்மா அவித்த புட்டும் சாப்பிட்டார்.

உங்கள் விதிப்படி அந்த மனிதர் உள்ளே, நாங்கள் வெளியே. அப்படித்தானே?

பழைய மனேஜர்:
உங்களை வெளியே போகச் சொல்லி யார் சொன்னது? ஃபோர்ட் வில்டர்னஸ் இருக்கும். அது உங்களுக்கு. நான் கேட்பது இன்னொரு இடம்.

வெள்ளவத்தையான்:
"அது உங்களுக்கு". இந்த ஒரு சொல்லில் ஐயாவின் மனம் முழுவதும் தெரிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை மச்சான்:
அந்தப் 10 வருட விதியைக் கொழும்பில் போட்டால் களனிப் பாலத்தைத் தாண்டி எத்தனை வாகனம் வரும் மச்சான்? என் வான் 2007. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் நாடே பழைய வாகனத்தில்தான் ஓடியது. ஒரு பழைய வாகனத்தை ஓடவைக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பழைய மனேஜர்:
தம்பி, இது புளோரிடா பற்றிய கதை. களனிப் பாலத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 45 அடி பஸ் ஒன்று தளத்துக்குள் பழுதாகி நின்றால் அதை இழுத்து எடுக்க என்ன பாடு என்று தெரியுமா? எண்ணெய் ஒழுகினால் கொங்கிறீற் கறுக்கும். அடுத்த நாள் வருகிறவன் அந்தக் கறையில்தான் கதிரை போட வேண்டும். பழைய வண்டி ஒழுகும். அதனால்தான் 10 வருடம்.

மருதானை நானா:
வண்டியின் வயதை விடுங்கள், கறண்டைப் பாருங்கள். நான் வயரிங் வேலை செய்கிறவன். அங்கே தளத்தில் 30 அம்பியர், 50 அம்பியர் என்று இரண்டு வகை பிளக் இருக்கும். பெரிய பஸ்களுக்கு 50 வேண்டும். உயர்தர இடம் கட்டினால் எல்லாத் தளத்துக்கும் 50 இழுக்க வேண்டும். செலவு அங்கேதான்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
30க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம் நானா? ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதானே.

மருதானை நானா:
இல்லை மச்சான், எல்லாரும் பிழை விடுகிற இடம் அது. அங்கே ஒரு வயருக்கு 120 வோல்ற். 30 அம்பியர் என்றால் 3,600 வாற். 50 அம்பியர் பிளக்கில் கறண்ட் வருகிற வயர் இரண்டு. ஒவ்வொன்றிலும் 50. மொத்தம் 12,000 வாற். மூன்று மடங்குக்கு மேல். நம்முடைய 230 வோல்ற் கணக்கை வைத்து அதைப் பார்க்கக் கூடாது.

வெள்ளவத்தையான்:
நானா சொல்வது சரி. எங்களுடையது 30. ஏசியும் அம்மாவின் ரைஸ் குக்கரும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். முதல் நாள் இரவு இரண்டு முறை விழுந்தது. பிறகு அம்மா சோறு வைக்கும்போது ஏசியை நிறுத்தினோம், வெளியே கதிரை போட்டு இருந்தோம். மரத்தடியால் மான் ஒன்று வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அந்த இரவுதான் டிஸ்னி.

பழைய மனேஜர்:
பார்த்தீர்களா? பிரேக்கர் விழுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். புது வண்டியில் அது விழாது. நான் சொன்ன 10 வருடம் இதற்குத்தான்.

மருதானை நானா:
ஐயா, அது வயதால் விழவில்லை. 30 அம்பியர் வண்டியில் சுமை கூடினால் நேற்று வாங்கிய வண்டியிலும் விழும்.

பழைய மனேஜர்:
புது வண்டியில் விழாது.

மருதானை நானா:
விழும் ஐயா. 25 வருடமாக இதுதான் என் வேலை.

பம்பலப்பிட்டி அக்கா:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எந்த வகுப்பு?

காலி வீதிப் பெடியன்:
புளோரிடாவில் எதற்கு? இங்கே பண்டாரகமவிலோ ஹங்வெல்லவிலோ இருக்கிற நீர் விளையாட்டுப் பூங்காக்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று கட்டினால் என்ன? வெளிநாட்டில் இருந்து வருகிற நம் ஆட்கள் வாடகைக்கு எடுத்து நிற்கலாம்தானே.

கொட்டாஞ்சேனை மச்சான்:
ஹங்வெல்ல வீதியில் பஸ்ஸுக்கு வழி விடவே இடம் இல்லை, அதில் 45 அடி மோட்டார் ஹோமா? தம்பி வெள்ளவத்தையை விட்டு வெளியே வந்து பார்க்க வேண்டும். களனி கங்கை பெருகினால் அந்தப் பக்கம் எந்த வாகனமும் நில்லாது.

காலி வீதிப் பெடியன்:
நான் வெள்ளவத்தை இல்லை, தெஹிவளை. கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு வெள்ளவத்தை என்றாலே ஒரு எரிச்சல்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
எரிச்சல் இல்லை. உங்கள் பக்கத்து ஆட்கள்தான் கொழும்பு என்றால் காலி வீதி மட்டும் என்று நினைக்கிறீர்கள். போன மாதம் கோயில் தேர் பற்றிக் கதைத்தபோதும் இதைத்தான் சொன்னீர்கள், நான் மறக்கவில்லை.

வெள்ளவத்தையான்:
தேர்ச் சண்டையை இங்கே கொண்டு வராதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபோர்ட் வில்டர்னஸ் திறந்தது 1971 நவம்பர் 19. டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மஜிக் கிங்டம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதாவது டிஸ்னி வேர்ல்ட் பிறந்தபோதே கூடாரக்காரனுக்கும் அங்கே இடம் வைத்தார்கள். 750 ஏக்கர், 800 தளத்துக்குக் கிட்ட. துணிக் கூடாரத்துக்கு ஒரு வகைத் தளம், பெரிய பஸ்ஸுக்குக் கொங்கிறீற் போட்ட பிரீமியம் தளம், எல்லாம் ஒரே காட்டுக்குள். மனேஜர் ஐயா கேட்கிற 45 அடி பஸ் இப்போதே அங்கே நிற்கிறது. இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடுவார்கள், சிப், டேல் என்ற அணில் பொம்மை வேடக்காரர்களும் வருவார்கள். காசு இல்லை. அங்கே பஸ்காரன் பிள்ளையும் கூடாரக்காரன் பிள்ளையும் ஒரே பலகையில் இருந்து மார்ஷ்மலோ சுடும். காலையில் மஜிக் கிங்டத்துக்கு ஒரே படகு. யாருடைய வண்டி எந்த வருடம் என்று அந்தப் படகில் யார் பார்த்தது?

இதைப் பிரித்து, மேல்தட்டுக்கு ஒரு வேலி போட்டு, வேலியில் 10 வருடம் என்று பலகை மாட்டச் சொல்கிறார் இவர்.

பழைய மனேஜர்:
ஒரே காட்டுக்குள் என்று உருக்கமாக எழுதுகிறீர்கள். சரி, பிரீமியம் தளத்துக்கும் கூடாரத் தளத்துக்கும் விலை ஒன்றா? இல்லை. அப்படியானால் டிஸ்னி ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அங்கே இருந்த மரக் குடில்கள் என்ன ஆயின? பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து, 2024இல் உறுப்பினர் பங்குத் திட்டத்துக்குள், அதாவது முன்கூட்டியே காசு கட்டிப் பங்கு வாங்கியவர்கள் வருடாவருடம் வந்து தங்குகிற திட்டத்துக்குள், கொண்டு போய்விட்டார்கள். குடிலுக்குச் செய்ததை மோட்டார் ஹோமுக்கும் செய்யுங்கள் என்கிறேன். பழையதை எடு, புதியதை வை. தொழில் அப்படித்தான் நடக்கும்.

பம்பலப்பிட்டி அக்கா:
குடில் விஷயத்தில் மனேஜர் சொல்வது உண்மை. ஆனால் குடில் டிஸ்னியின் சொத்து, வண்டி வருகிறவரின் சொத்து. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. எந்த வகுப்பு வண்டி என்று சொன்னால்…

வெள்ளவத்தையான்:
அக்கா, மன்னிக்க வேண்டும், இடையில் வருகிறேன். இதை நான் இவ்வளவு பிடிவாதமாகக் கதைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம். ஞாயிறு காலையில் அப்பா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் தேய்ப்பார். சில்லுக் கோப்பையில் எங்கள் முகம் தெரியும். 1990களில் ஒரு நாள், சித்தியின் கலியாண வரவேற்புக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலில் நின்றவர் காரைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. "இதை உள்ளே விட இயலாது, றோட்டில் விட்டுவிட்டு நடந்து வாங்கோ" என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த புதுக் கார் உள்ளே போனது. அம்மா காஞ்சிபுரம் சேலையோடு மழைச் சேற்றில் நடந்தார். அப்பா அன்று ஒன்றும் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அந்த வாசல்காரனின் கதையைத்தான் ஐயா இப்போது ஏக்கர் கணக்கில் கட்டச் சொல்கிறார்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
மச்சான், இது எனக்குத் தெரியாது. தேர்க் கதை வேறு, இது வேறு. இதில் நான் உங்களோடு.

பழைய மனேஜர்:
உங்கள் தகப்பனாருக்கு நடந்தது பிழை. அந்த வாசலில் நான் நிற்கவில்லை. ஆனால் ஒரு வாசல்காரன் செய்த பிழைக்காக ஒரு தொழிலையே குற்றம் சொல்லக் கூடாது. வருகிறவன் காசு கொடுப்பது வசதிக்கு மட்டுமில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும்தான். எங்களுக்குக் கசந்தாலும் தொழிலில் அது உண்மை. என் 31 வருடத்தில் அதைக் கண்ணால் கண்டேன்.

வெள்ளவத்தையான்:
பக்கத்தில் யார் என்பதற்குக் காசு. எழுதிவிட்டீர்கள், நன்றி. இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்க் கறை, பிரேக்கர் எல்லாம் நீங்கள் பிறகு தேடி எடுத்த சாட்டு. உண்மையில் உங்களுக்குப் பக்கத்து வண்டிக்காரனைப் பிடிக்கவில்லை.

பழைய மனேஜர்:
வண்டிக்காரனை இல்லை, வண்டியை. 10 வருடத்துக்கு மேல் வேண்டாம்.

மருதானை நானா:
ஐயா, தனியார் இடங்கள் சிலவற்றில் வயது கூடினாலும் வண்டியின் படம் அனுப்பச் சொல்லுவார்கள். நன்றாக இருந்தால் விடுவார்கள். அப்படிச் செய்யலாம்தானே?

பழைய மனேஜர்:
படத்தில் எல்லாமே வடிவாகத்தான் இருக்கும் நானா. என் கலியாணப் படத்தில் நானும் வடிவுதான். விதி என்றால் எண் வேண்டும்.

வெள்ளவத்தையான்:
அப்படியானால் எண்ணை மாற்றுங்கள். 30 போடுங்கள்.

பழைய மனேஜர்:
10.

காலி வீதிப் பெடியன்:
பண்டாரகம பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வெள்ளவத்தையான்:
அத்தான் வருகிற டிசம்பரில் திரும்பப் போகிறார். ஃபோர்ட் வில்டர்னஸில் ஐந்து இரவு பதிந்தாகிவிட்டது. அதே 1998 வண்டி. நத்தார் விளக்கு கட்ட இப்போதே வாங்கி வைத்திருக்கிறார். அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் தன் தளத்தைத் தானே அலங்கரிப்பார்கள், அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். விளக்குக் கட்டியதும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே போடுவேன். மனேஜர் ஐயா பார்க்க வேண்டும்.

பழைய மனேஜர்:
போடுங்கள், பார்க்கிறேன். வண்டி வடிவாக இருக்கலாம். என் கருத்து மாறாது.

பம்பலப்பிட்டி அக்கா:
படம் போடும்போது தம்பி, வண்டியின் முன்பக்கம் தெரிகிற மாதிரிப் போடுங்கோ. எந்த வகுப்பு என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.