மறு: குதிகால் வலிக்கு ஒரு சொல்: முள்ளா, அழற்சியா, நைவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிளான்டார் ஃபேசியைடிஸ் என்று டாக்டர்கள் சொல்கிற குதிகால் வலிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று தொடங்கிய இந்த இழையில் மூன்று நாளில் மடல்கள் குவிந்துவிட்டன. எனக்கு உட்கார்ந்து எழுத இன்றுதான் வாய்த்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: தருமபுரியில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் கிருஷ்ணகிரிப் பக்கம். மொழியியல் படித்தவன் இல்லை. நாலு பேர் காலைப் பிடித்துப் பிழைப்பவன். அந்த உரிமையில்தான் இந்த நீளமான மடல். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> பிளான்டார் ஃபேசியைடிஸ் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே? டாக்டர் சொல்வதைத்தானே எல்லாரும் சொல்லப் போகிறார்கள்?

பெங்களூரு நண்பரே, சீட்டில் எழுத எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எல்லாரும் அப்படியே சொல்வார்கள் என்பது நடக்கவில்லை. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் காய் பிரிக்கிற ஓர் அம்மா வந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். "காலுக்குள்ள ஏதோ பிளாஸ்டர் பிரிஞ்சிருக்குதாம் சார்" என்றார். வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். உள்ளே எப்போது பிளாஸ்டர் போட்டார்கள் என்று அவருக்கு ஒரே குழப்பம்.

> சித்த மருத்துவத்தில் குதிவாதம் என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

சேலத்து ஐயா, அந்த மரபுக்குள் அது பொருத்தமான சொல்தான். வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் வாதம் மிஞ்சியதால் வருகிற நோய் என்று பொருள். சங்கடம் என்னவென்றால், ஊரில் வாதம் என்று சொன்னால் ஜனங்கள் காதில் விழுவது பக்கவாதம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு முடக்குவாதம். நான் ஒரு பஸ் கண்டக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். மனிதர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், வாய் கோணியிருக்கிறதா என்று கண்ணாடியைத் தேடினார். அதோடு விட்டுவிட்டேன்.

> எக்ஸ்ரேயில் தெரிவது முள்தானே? குதிமுள் என்றால் சின்னதாக, அழகாக இருக்கிறதே.

அழகுதான் அம்மா. குதிரை ஓட்டுகிறவர் காலில் மாட்டுகிற கூரான இரும்புக்கும் தமிழில் குதிமுள் என்றே பெயர். ஆங்கிலத்து ஸ்பர் என்பதும் அதே இரும்புதான். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆனால் இந்தச் சொல் வீட்டுக்குப் போய் என்ன வேலை செய்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

போன மாங்காய் சீசனில், ஒரு மாங்கூழ் ஆலையில் பழம் பிரிக்கிற பெண் ஒருவர் வந்தார். ஈரச் சிமென்ட் தரை, குதிகால் பக்கம் காகிதமாய்த் தேய்ந்த ரப்பர் செருப்பு, நாள் முழுக்க நின்றபடி வேலை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் "குதிகால்ல முள்ளு இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் மாமியார் ஊக்கைத் தீயில் காட்டித் தோண்டியிருக்கிறார். வரவில்லை. எருக்கம்பால் வைத்தால் முள் மேலே ஏறும் என்று அதையும் வைத்து, மறுநாள் மறுபடி தோண்டியிருக்கிறார். என்னிடம் வந்தபோது குதிகால் நடுவில் கடுகளவு மூன்று துளை, சுற்றிலும் மஞ்சள் கறை. "ஆழத்துல போயிடுச்சு சார், வரமாட்டேங்குது."

அந்த மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். கருவேல முள் ஏறாத கால் நம் மாவட்டத்தில் உண்டா? முள் என்று சொன்னால் எடுக்க வேண்டும். அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

இத்தனைக்கும் எக்ஸ்ரேயில் முள்ளாகத் தெரிகிற அந்த எலும்பு முனைப்பு வலிக்கே காரணம் இல்லாமல் இருக்கலாம். வலியே இல்லாத எத்தனையோ பேர் குதிகாலில் அது இருக்கிறது. வலியால் துடிக்கிற பலருக்கு இல்லை. அதனால் "எலும்பு முனைப்பு" என்று உணர்ச்சி இல்லாத ஒரு சொல்லே போதும் என்பது என் கட்சி. "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்வதும் வேண்டாம். வளர்ந்துகொண்டே போய் வெளியே வந்துவிடுமோ என்று கேட்கிறார்கள்.

ஆணிக்கும் இதே கதைதான். அழுத்தத்தால் தோல் தடித்து உள்நோக்கி இறுகுவதற்குக் கால் ஆணி என்று பேர் வைத்துவிட்டோம், பிளேடை எடுத்துச் செதுக்குகிறார்கள். இதில் தமிழை மட்டும் திட்ட முடியாது. லத்தீனில் அதற்குக் கிளாவஸ் என்று பெயர், அதற்கும் ஆணி என்றே பொருள். கால் விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள் போல.

> பாடநூல் மரபுப்படி உள்ளங்கால் திசுப்பட்டை அழற்சி என்று வைத்தால் யாருக்கும் தகராறு இல்லை.

எனக்கு இருக்கிறது. அழல் என்றால் தீ. தீப்பிடித்தது என்ற கருத்தில்தான் ஆங்கிலத்திலும் இன்ஃபிளமேஷன் என்ற சொல் பிறந்தது, நாம் அழகாகவே ஆக்கியிருக்கிறோம். ஆனால் இந்த நோயில் தீ எங்கே? 2003-இல் லெமன்ட் என்ற அமெரிக்கப் பாத மருத்துவரும் கூட இருந்தவர்களும், குதிகால் அறுவையில் எடுத்த 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து எழுதினார்கள். அழற்சிக்கான உயிரணுக்களை அவர்கள் காணவில்லை. நார்கள் சிதைந்து, இழை இழையாகப் பிரிந்து கிடந்தன. அறுவை வரை போனவர்கள் நாள்பட்ட நோயாளிகள், தொடக்கத்தில் கொஞ்சம் அழற்சி இருக்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மாதக்கணக்கில் வலியைச் சுமந்துவிட்டு வருகிறவர்கள்தான். அவர்களிடம் அழற்சி என்று சொன்னால் அடுத்த கேள்வி, "எத்தனை நாளைக்கு மாத்திரை?"

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். செருப்பைக் கழற்றி, ஒரு காலை மறு முழங்கால் மேல் போட்டு, கால் பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளையுங்கள். மற்றக் கைக் கட்டைவிரலால் உள்ளங்காலின் குழிவைத் தடவிப் பாருங்கள். கம்பி போல ஒன்று விறைத்து நிற்கும். அதுதான் சமாச்சாரம். குதி எலும்பின் அடியில் தொடங்கி, விசிறியாகப் பிரிந்து, விரல்களின் அடிவரை போகிற கெட்டியான நார்ப்பட்டை. குதி எலும்பைப் பற்றியிருக்கிற இடத்தில் அது நைந்துபோவதுதான் இந்த வலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி உயிர் போகும், பத்து அடி நடந்தால் தணியும், வேலை முடிந்து சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும். இரவெல்லாம் தளர்ந்து சுருங்கிக் கிடந்ததை ஒரே அடியில் இழுக்கிறோம், வேறென்ன.

> பாதத்தின் வளைவு வில், இந்தப் பட்டை அதன் நாண். உள்ளங்கால் நாண் எனலாமே?

மதுரை நண்பரின் படம் பிரமாதம். இதைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாண் என்ற சொல்லைத் தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கெண்டைக்காலிலிருந்து இறங்கிக் குதி எலும்பின் பின்னால் முடிகிறதே, அது குதிநாண். வெர்ஹெயன் என்ற உடற்கூற்றியலாளர் 1693-இல் அதற்குக் கிரேக்கக் கதை வீரன் அக்கிலிசின் பெயரைச் சூட்டியபோதும் கயிறு, நரம்புத் தந்தி என்று பொருள்படுகிற சொல்லைத்தான் பிடித்தார். ஒரே எலும்பின் பின்னால் ஒரு நாண், அடியில் ஒரு நாண் என்றால் நானே குழம்பிவிடுவேன்.

என் பரிந்துரை வார். செருப்பு வார், சாட்டை வார் என்று எல்லாரும் சொல்கிற வார். தட்டையாக, கெட்டியாக, இழுவையைத் தாங்குவது. முதலில் "அடிவார்" என்று எழுதி வைத்திருந்தேன். மனைவி படித்துவிட்டு, "எந்த மலை அடிவாரம்? தீர்த்தமலையா?" என்றாள். எடுத்துவிட்டேன். "பாதவார்" என்றால் பாதம் தமிழா என்று இங்கே இன்னொரு நாற்பது மடல் வரும். ஆகவே உள்ளங்கால் வார். கொஞ்சம் நீளம், ஆனால் கேட்டவர் குனிந்து சரியான இடத்தைப் பார்க்கிறார்.

நோய்க்கு: உள்ளங்கால் வார் நைவு. துணி நைகிறது, கயிறு நைகிறது. ஒரே நாளில் அறுவதில்லை, தேய்ந்து தேய்ந்து இழை பிரிகிறது. நைந்தது என்று சொன்னால் மாத்திரை கேட்பது குறைகிறது. இனிமேல் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லே பாதி சொல்லிவிடுகிறது. மீதிப் பாதிக்கு நான் இருக்கிறேன்: காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே பெருவிரலை மேலே வளைத்து 10 விநாடி பிடிப்பது, அப்படி 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் கெண்டைக்கால் தசையை நீட்டுவது, தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுவது. பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் ஆனாலும் கத்தி இல்லாமலே சரியாகிவிடும்.

(இடையில் ஒன்று. செங்கல்லைச் சூடாக்கி, எருக்க இலை வைத்து மிதிக்கிற வைத்தியம் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். சிலருக்குச் சுகமாக இருக்கிறது, நான் தடுப்பதில்லை. ஆனால் சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.)

நைவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிநாணில் நாள்பட்ட வலிக்கு "குதிநாண் நைவு" சரியாக வருகிறது. கணுக்கால் மடங்கி வீங்குவதற்குச் சுளுக்கு இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். சுளுக்கு வழிக்கிறவர் கைக்குப் போகும் முன் எலும்பு முறிவு இல்லை என்று பார்த்தால் போதும். அடிபட்டதும் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டு எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்ரே. தட்டைப் பாதமும் நல்ல சொல்தான்.

வார் நைவைப் பதினைந்து இருபது பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். குதிகால் அவர்களுக்குத் தெலுங்கில் மடம, கன்னடத்தில் ஹிம்மடி. வார் அவர்களுக்கும் உடனே புரிந்தது.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒரு பெரியவர், ஆடு மேய்ப்பவர். வார் நைந்திருக்கிறது என்று சொன்னதும் வாசலில் கிடந்த தன் டயர் செருப்பை எட்டிப் பார்த்தார். "அப்ப தைக்கணுமா, புதுசு மாத்தணுமா?"

"ரெண்டும் வேண்டாங்க. இழுத்து நீவிக் குடுத்தீங்கன்னா இந்த வாரு தானா கூடிக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "செருப்புக்கு இது தேவலை" என்றார்.

கடைசியாக ஒரு உதவி. பெருவிரலை வளைத்தால் வார் விறைத்துப் பாத வளைவு எழும்புகிறதே, அதை 1954-இல் ஹிக்ஸ் விளக்கினார்: விரல் மூட்டு ஓர் உருளை, வார் அதில் சுற்றிக்கொள்கிற கயிறு. அப்படிக் கயிறு சுற்றி இழுக்கிற உருளைப் பொறியின் பெயரையே, விண்ட்லஸ் என்று, அவர் வைத்தார். கிணற்று ராட்டினம் கிட்ட வருகிறது, ஆனால் ராட்டினத்தில் கயிறு ஓடும், சுற்றிக்கொள்ளாது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த வீட்டுக்காரர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.

தருமபுரியிலிருந்து,
உங்கள் காலாள்