பிங்க் வர வேண்டிய இடத்தில் பழுப்பு வந்தால்

கெமிஸ்ட்ரி பிராக்டிகல் சீசன் வந்தாச்சு. பர்மாங்கனேட் டைட்ரேஷனில் (செறிவு தெரிந்த ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது) வருஷா வருஷம் அதே தப்புகள்தான், செய்கிற ஆள்தான் வேறு. ஒரே இடத்தில் எழுதி வைப்போம். உங்களுக்குத் தெரிந்ததையும் சேருங்கள்.

பியூரெட்டை (அடியில் திருகு வைத்த அளவுக் குழாய்) தண்ணீரில் கழுவி அப்படியே பர்மாங்கனேட்டை ஊற்றினால், உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை நீர்த்துவிடும், ரீடிங் கூடும். 5 மில்லி அதே கரைசலை விட்டு அலசிக் கொட்ட வேண்டும். கோனிக்கல் ஃபிளாஸ்க்குக்கு நேர்மாறு, வடிநீர் மட்டும். அதையும் சோதிக்கிற ஃபெரஸ் (இரும்பு) கரைசலால் அலசினால் பிப்பெட் அளந்த 20 மில்லிக்கு மேல் சரக்கு உள்ளே போய்விடும். வைவாவில் எல்லோரும் சரியாகச் சொல்லும் பதில் இது. அரை மணி முன்பு மேஜையில் செய்தது வேறு.

ஊற்றிய புனலை பியூரெட் தலையிலேயே விட்டுவைத்தால் அதன் காலில் தொங்கும் சொட்டு பாதியில் விழும். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. நுனியில் காற்றுக்குமிழ் நின்றால் அதைவிட மோசம்.

அந்த ஃபெரஸ் கரைசல், அதாவது மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) கரைசல், 20 மில்லிக்கு நீர்த்த கந்தக அமிலமும் கிட்டத்தட்ட அதே அளவு வேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டினால் பர்மாங்கனேட் மாங்கனஸ் வரை இறங்காமல் மாங்கனீஸ் டை ஆக்சைடாகப் பாதியில் நின்றுவிடும். பிங்க்குக்குப் பதில் கலங்கிய பழுப்பு. அதற்கப்புறம் ஆசிட் சேர்த்து ஒப்பேற்றப் பார்க்க வேண்டாம், கொட்டிவிட்டுப் புதிதாக பிப்பெட் செய்யுங்கள். கை தவறி ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கும், ரீடிங் ஏறும். நைட்ரிக் என்றால் அதுவே ஃபெரஸைத் தின்னும், ரீடிங் இறங்கும்.

ஆக்ஸாலிக் அமிலம் என்றால் 60–70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. முதல் சொட்டின் நிறம் சட்டென்று போகாது. "சார், என்ட் பாயின்ட் வந்துடுச்சு!" என்று ஒரு குரல் எப்போதும் எழும். பொறுங்கள், குலுக்குங்கள். வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியேதான் அந்த வினைக்கு வினையூக்கி. அது கொஞ்சம் சேர்ந்ததும் அடுத்த சொட்டுகள் மளமளவென்று வெளுக்கும். வெளிர் பிங்க் அரை நிமிஷம் நின்றால் அதுதான் என்ட் பாயின்ட், வினை முடிந்த இடம்.

அடர் நிறம் என்பதால் திரவ வளைவின் மேல் விளிம்பைப் பார்த்து ரீடிங் எடுக்கவும். பியூரெட்டின் சிறிய கோடு 0.1, கண்மதிப்பாக 0.05 வரை போகலாம். நோட்டில் 18.43 என்று இருந்தால் அது பியூரெட்டில் பார்த்ததல்ல, விடையிலிருந்து பின்னோக்கிக் கால்குலேட்டரில் போட்டது. எக்ஸாமினர்களும் அதே வழியில் வந்தவர்கள்தான்.

*

டைட்ரேஷனாவது பரவாயில்லை, சால்ட்டில்தான் (தெரியாத உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை) கூத்து. உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும்போது, இரண்டாம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு விட்டதும் வெளிர் மஞ்சளாகக் கலங்கினால் உடனே கேட்மியம் என்று எழுதிவிடுவார்கள். பல நேரம் அது வெறும் கந்தகம்: கரைசலில் மிச்சமிருக்கும் நைட்ரிக் அமிலம் வாயுவை ஆக்சிஜனேற்றம் செய்து பால் மாதிரி ஆக்கும். கேட்மியம் சல்ஃபைடு பளிச்சென்ற மஞ்சள், கீழே படியும். அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப் கருவி பக்கத்தில் அழுகின முட்டை நாற்றம் திடீரென்று 'போய்விட்டால்' நிம்மதியடைய வேண்டாம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாம் தொகுதிக்குப் போகுமுன் கரைசலைக் கொதிக்கவைத்து அந்த வாயுவை முழுக்க விரட்டி, இரண்டு சொட்டு அடர் நைட்ரிக் விட்டு இரும்பை ஃபெரிக்காக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடை தாராளமாகப் போட்ட பிறகுதான் அம்மோனியா. வரிசை மாறினால் மெக்னீசியமும் அங்கேயே படிந்து, அலுமினியம் என்று பெயர் வாங்கும்.

நைட்ரேட்டைக் காட்டும் பழுப்பு வளையத்துக்கு ஃபெரஸ் சல்பேட் அன்றைக்குக் கரைத்ததாக இருக்க வேண்டும். போன வாரத்து மஞ்சள் கரைசலில் இருப்பதில் பெரும்பகுதி ஃபெரிக், வளையம் வராது. டியூபைச் சாய்த்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக விடுங்கள். வந்த வளையத்தைச் சாரிடம் காட்ட ஓடுகிற ஓட்டத்தில் குலுங்கினால் அதுவும் போச்சு. புரோமைடு, அயோடைடு இருந்தாலும் அந்த இடம் பழுப்பாகும், நைட்ரேட் என்று ஏமாறாதீர்கள்.

அம்மோனியம் சோதனையில் ஹைட்ரோகுளோரிக் தொட்ட கண்ணாடிக் குச்சியில் வெண்புகை வந்தால், பக்கத்து மேஜையில் அம்மோனியா பாட்டில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலமாரி பாட்டில்கள் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருப்பது தூசியில்லை, அம்மோனியா பாட்டிலும் ஹைட்ரோகுளோரிக் பாட்டிலும் சேர்ந்து செய்த அம்மோனியம் குளோரைடு.

*

பர்மாங்கனேட்டால் பழுப்புக் கறை படிந்த பியூரெட்டைப் பிரஷ் போட்டுத் தேய்த்து உடைக்காதீர்கள். வெதுவெதுப்பான ஆக்ஸாலிக் கரைசலில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து விட்டால் கறை தானே கரையும்.

*

ஆராய்ச்சி லேபுக்கு வந்தாலும் இதே கதைதான், பாத்திரம் மட்டும் பெரிது. அமிலம் கலந்த கலவையை பைகார்பனேட்டோடு பிரிபுனலில் (கலக்காத இரு திரவங்களைப் பிரிக்கும் திருகு வைத்த புனல்) போட்டு மூடிக் குலுக்கினால் கார்பன் டை ஆக்சைடு மூடியைத் தூக்கியடிக்கும். முதலில் பீக்கரில் பொங்கி அடங்கட்டும். பிறகு புனலில் ஊற்றி, மூடியை உள்ளங்கையால் அழுத்திக் கவிழ்த்து, ஃபியூம் ஹூட் (புகையை உறிஞ்சும் கூண்டு) பக்கம் திருப்பித் திருகைத் திறந்து வாயுவை விட்டுவிட்டுக் குலுக்குங்கள். கரைப்பான் டைகுளோரோமீத்தேன் என்றால் நீருக்குக் கீழே, எத்தில் அசிடேட் என்றால் மேலே. சந்தேகமென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், எந்த அடுக்கில் கலந்து மறைகிறதோ அதுதான் நீர். பொருள் கைக்கு வரும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.

குளோரோஃபார்மில் எடுத்த என்எம்ஆரில் (மூலக்கூறை அடையாளம் காட்டும் நிறமாலை) 1.26, 2.05, 4.12 ppm சிக்னல்கள் மூன்றும் சேர்ந்து வந்தால் புது காம்பவுண்ட் இல்லை, சரியாக உலராத எத்தில் அசிடேட். 1.26-உம் 0.86-உம் என்றால் மூடியில் தடவிய கிரீஸ்.

*

பர்மாங்கனேட் கறையாவது ஆக்ஸாலிக்குக்கு மசியும். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, வெளிச்சம் பட்டபின் கருப்பாகும். சோப்புக்குப் போகாது, தோல் உரிந்துதான் போகும். அந்த வாரம் கல்யாண வீடு இருந்தால் கிளவ்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.