கதிரின் எம்.ஜி.பி.: மட்கார்டு, பானெட், மூக்கு

*குடும்ப வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை*

கதிர்: அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் இங்கே இங்கிலாந்தில் நான் வாங்கிய 1964ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய பந்தயக் கார்களுக்கான போட்டியில் பதிவு செய்யும் எண்ணத்தில் நேற்றுப் பரிசோதகரிடம் காட்டினேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. மட்கார்டுகளைக் கையால் தடவினார், பானெட்டை விரலால் தட்டினார், இந்த பாடியுடன் இந்தக் கார் ஓடாது என்று சொல்லிவிட்டார். முன்பு வைத்திருந்தவர் நான்கு மட்கார்டுகளையும் அகலப்படுத்தி, ஃபைபர் பானெட் போட்டு, பம்பருக்குக் கீழே காற்றுத் தடுப்பு ஒன்றையும் பொருத்தியிருக்கிறார்.

மாமா: நாற்பது ஆண்டுகள் டிங்கரிங் பட்டறை நடத்தியவன் என்ற உரிமையில் கேட்கிறேன், மாப்பிள்ளை. பந்தயக் கார் என்றாலே வெட்டுவதும் ஒட்டுவதும்தானே? எடையைக் குறைக்காமல், அகலமான டயர் போடாமல் யார் பந்தயம் ஓட்டினார்கள்?

கதிர்: அன்று யார் எதைச் செய்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வியே, மாமா. உலக மோட்டார் பந்தயங்களை ஆளும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் ‘அப்பெண்டிக்ஸ் கே’ என்ற விதித்தொகுப்பு பழைய கார்களைக் காலப்பகுதிகளாகப் பிரிக்கிறது. 1962 முதல் 1965 வரையிலான கார்கள் ‘எஃப்’ என்ற பகுதியில் வருகின்றன. அந்த ஆண்டுகளில் அந்த மாடல் எந்த வடிவில் பந்தயத்துக்கு ஏற்கப்பட்டதோ அந்த வடிவில்தான் இன்றும் ஓட வேண்டும். பாடியின் பொருளும் மாறக் கூடாது. இரும்புத் தகடு இருந்த இடத்தில் இரும்புத் தகடு, அலுமினியம் இருந்த இடத்தில் அலுமினியம்.

மீனா அக்கா: தம்பி நேற்றிரவு விதிகளை அனுப்பியதும் படித்துப் பார்த்தேன். வழக்கறிஞராக என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுதான்: நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையது. ‘இது அக்காலத்தில் இல்லை’ என்று பரிசோதகர் நிறுவ வேண்டியதில்லை. ‘இருந்தது’ என்று நீதான் காட்ட வேண்டும். அதற்குத் தயாரிப்பாளர் மாடலைப் பந்தயத்துக்கு ஏற்கும்படி அன்று எஃப்.ஐ.ஏ.விடம் கொடுத்த ஹோமோலகேஷன் படிவம், அதன் புகைப்படங்கள், பின்னர் சேர்க்கப்பட்ட கூடுதல் தாள்கள், அக்காலப் பந்தயப் படங்கள் ஆகியவைதான் சாட்சி. ‘எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்’ என்பது செவிவழிச் செய்தி.

மாமா: சரி, சாட்சி கேட்கிறாய் அல்லவா? 1963இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய எம்.ஜி.பி.யின் படத்தை இப்போதுதான் பார்த்தேன். அதன் மூக்கு நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கிறதே! தொழிற்சாலையே அப்படிச் செய்திருக்கும்போது மாப்பிள்ளை ஒரு சிறு காற்றுத் தடுப்பு வைத்தால் என்ன குற்றம்?

கதிர்: நல்ல படத்தைப் பிடித்துவிட்டீர்கள், மாமா. அந்தக் காரை பேடி ஹாப்கிர்க்கும் ஆலன் ஹட்சிசனும் ஓட்டினார்கள். பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஹட்சிசன் மணலில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தோண்டித் தோண்டிக் காரை வெளியே எடுத்தார். அப்படியிருந்தும் 12ஆம் இடத்தில் முடித்தார்கள். ஆனால் அந்த மூக்கைக் காட்டி நான் வேறொரு காற்றுத் தடுப்பை வைக்க முடியாது. அது வேறு பொருள், வேறு வடிவம். அந்த மூக்கையே செய்து வைப்பதானாலும், என் மாடலுக்கான படிவத்தில் அது இடம்பெற்றிருந்தால்தான் எனக்கு உரிமை உண்டு. ஒரு தனிக் கார் ஒரு பந்தயத்தில் அணிந்த உடை அந்தக் காருக்கே உரியது.

மாமா: ஃபெராரிக்கு மட்டும் வேறு நியாயமா? அவர்களுடைய 250 ஜி.டி.ஓ. பந்தயக் காரை நூறு கார்கூடச் செய்யவில்லை என்று படித்திருக்கிறேன்.

கதிர்: இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விதிகளின் வேடிக்கையே இங்கேதான் இருக்கிறது. ஜி.டி. (கிராண்ட் டூரிங்) வகையில் சேர 12 மாதங்களில் 100 கார்களைத் தயாரித்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஃபெராரி செய்த ஜி.டி.ஓ.க்களோ 36தான். ஆனால், ‘இது புதிய கார் அன்று; ஏற்கெனவே ஏற்கப்பட்ட 250 ஜி.டி.யின் மேல் வேறு பாடி போட்டிருக்கிறோம், அவ்வளவே’ என்று அவர்கள் சொன்னதை 1962இல் எஃப்.ஐ.ஏ. ஒப்புக்கொண்டது, ஏனென்றால் பாடியை மாற்றிக்கொள்ள அன்றைய விதியில் இடம் இருந்தது. அதே வழியில் கோப்ரா கார்களைச் செய்த அமெரிக்கர் கரோல் ஷெல்பியும் நுழைந்தார். லே மானில் அன்று சுமார் 6 கிலோமீட்டர் நீண்ட நேர்ச்சாலையில் கூரையில்லாத கோப்ரா காற்றோடு மல்லுக்கட்டித் தோற்றது. அதனால் ஷெல்பியின் வடிவமைப்பாளர் பீட்டர் பிராக் அதே சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல், பின்புறம் வெட்டிவிட்டாற்போல முடியும் மூடிய பாடி ஒன்றை வரைந்தார். டேட்டோனா என்ற அந்தக் கூப்பேயில் (மூடிய காரில்) செய்யப்பட்டவை ஆறே கார்கள். 1964இல் லே மானில் ஜி.டி. பிரிவை வென்றது, 1965இல் ஜி.டி. தயாரிப்பாளர் பட்டமும் ஷெல்பிக்கு வந்தது. அதே 1964இல் எஞ்சினை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோன 250 எல்.எம்.மையும் பழைய காரின் மறுவடிவம் என்று ஃபெராரி கொண்டுவந்தபோதுதான் எஃப்.ஐ.ஏ. மறுத்தது. அந்த அளவுக்கு அவர்களுக்கும் கண் தெரிந்திருக்கிறது.

சித்தி: அப்படியானால் அன்று வளைத்தவர்கள் வரலாறு ஆகிவிட்டார்கள், இன்று வளைக்கும் நம் பிள்ளைக்கு மட்டும் அபராதமா? இது எந்த ஊர் நியாயம்?

மீனா அக்கா: நியாயம்தான், சித்தி. அன்று அவர்கள் வளைத்ததற்குக் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது. தம்பியின் ஃபைபர் பானெட்டுக்கு ஒரு ரசீதுகூட இல்லை.

மாமா: மட்கார்டை அகலப்படுத்தியது டயருக்காகத்தானே? அந்த டயரும் கூடாதா?

கதிர்: கூடாது, மாமா. எங்கள் காலப்பகுதிக்கு அன்றைய அமைப்பில் இன்றும் வார்க்கப்படும் குறுகிய டன்லப் டயர்தான் போட வேண்டும். அது பழைய மட்கார்டுக்குள் தாராளமாக அடங்கும். டயர் குறுகினால் பிடிமானம் குறையும், கார் வளைவில் பக்கவாட்டில் சறுக்கும். பார்க்க வருபவர்கள் காசு கொடுப்பதும் அந்தச் சறுக்கலைப் பார்க்கத்தான். அமெரிக்காவில் சில மன்றங்கள் அகன்ற மட்கார்டை ஏற்கின்றன. அங்கே போவதற்கு நான் காரைக் கப்பலில் ஏற்ற வேண்டும்.

சித்தி: கார் கவிழ்ந்தால் தலைக்கு என்ன பாதுகாப்பு என்பதையாவது அந்தக் காலத்தின்படி வைக்காமல் இருக்கிறார்களா?

கதிர்: அதில் மட்டும் காலம் பார்ப்பதில்லை, சித்தி. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார், இருக்கைப் பட்டை, தீயணைப்பான் எல்லாம் இன்றைய விதிப்படி வேண்டும்.

மாமா: நல்லது. இனி வேலையைப் பேசுவோம். பானெட் முதலில் தகடா, அலுமினியமா?

கதிர்: அலுமினியம், மாமா. 1960களின் எம்.ஜி.பி.க்களில் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. தகடு பிறகுதான் வந்தது. எடையைக் குறைப்பதாக நினைத்து முன்னவர் கழற்றி எறிந்தது ஏற்கெனவே இலேசாக இருந்த ஒன்றை. பழைய அலுமினிய பானெட் ஒன்று விலைக்கு இருக்கிறது, ஆனால் முன்விளிம்பில் நசுங்கியிருக்கிறது.

மாமா: நசுங்கலைப் பற்றிக் கவலைப்படாதே, கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார். அலுமினியம் சுத்தியலுக்குத் தகடுபோல் திரும்பி வராது, தட்டத் தட்ட நீண்டுகொண்டே போகும். அவசரக்காரன் கையில் கொடுத்துவிடாதே. மட்கார்டுகளில் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டியைச் சுரண்டிப் பார்த்தாயா?

கதிர்: இடது முன்பக்கம் மட்டும் சுரண்டினேன். ஒரு விரல் கனத்துக்குப் பட்டி. அதற்கு அடியில் சக்கர வளைவின் விளிம்பு மடிப்பை முழுவதுமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

மாமா: அப்படியானால் அந்த மட்கார்டின் வளைவு போனது, அதை மட்டும் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். வலது பக்கத்தையும் சுரண்டு. அங்கே மடிப்பு ஓர் அங்குலமாவது மிச்சம் இருந்தால், ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அதிலிருந்து நான் உனக்கு அட்டையில் அச்சு வெட்டித் தருகிறேன்.